பள்ளத்தூர் மேடையிலிருந்து வந்த குரல்

மனோரமாவைப் பற்றி எழுத உட்காரும் எவரும் முதலில் எண்களைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடக மேடைகள், 1500க்கும் அதிகமான திரைப்படங்கள், 1985இல் கின்னஸ் புத்தகத்தில் இடம், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்த பெருமை என்று அந்தப் பட்டியல் நீளும். 2015 அக்டோபர் 10ஆம் நாள் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த எண்களோடு தொடங்கி, இந்த எண்களோடே முடிந்தன. அவற்றைப் படித்தவர்களுக்கு அவர் மிக அதிகமாக நடித்தார் என்பது தெரிந்திருக்கும். எப்படி நடித்தார் என்பது தெரிந்திருக்காது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையைப் பாராட்ட வேண்டிய இடத்தில், அவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்ற வருகைப் பதிவேட்டை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

அந்த ஐந்து முதலமைச்சர்கள் செய்தியிலும் ஒரு நுட்பம் கவனிக்கப்படாமலே போகிறது. ஐவரில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகிய மூவரோடு அவர் நடித்தது திரையில். அண்ணாவோடும் கருணாநிதியோடும் நடித்தது மேடையில். ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்’ நாடகத்தில் காகபட்டராக வேடம் கட்டிய அண்ணாவின் முன்னால் நின்று வசனம் பேசிய பெண் அவர். கருணாநிதி எழுதி நடித்த ‘உதயசூரியன்’ நாடகத்தின் கதாநாயகியும் அவர்தான். அதாவது, தமிழ் வசனத்தை ஓர் அரசியல் கருவியாகவே வார்த்தெடுத்த இருவரின் எதிரில் நின்று, அவர்களுடைய வேகத்துக்கு ஈடுகொடுத்து, ஒரு சொல்லும் தடுக்காமல் பேச வேண்டிய இடத்தில் தம் இருபதாவது வயதை ஒட்டிய காலத்திலேயே இருந்தவர். பிற்காலத்தில் அவர் திரையில் காட்டிய சரளத்தை ‘பிறவித் திறமை’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு அது பயிற்சியாகத்தான் தெரிகிறது. அந்தப் பயிற்சி முழுவதும் மேடையில் நடந்தது என்பதும், படம், பாட்டு, தொலைக்காட்சி என்று எங்கே போனாலும் மேடைக்காரியாகவே அவர் நடித்தார் என்பதும் நான் இங்கே சொல்ல விரும்புவது.

1937 மே 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தவர், இயற்பெயர் கோபிசாந்தா. குழந்தைப் பருவத்திலேயே தந்தை கைவிட்டுவிட, தாய் ராமாமிர்தம் மகளைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வறுமையால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வீட்டு வேலை செய்துதான் பிழைப்பு. செட்டிநாட்டில் வளர்ந்ததாலும் அந்தப் பேச்சு நாவில் ஊறியிருந்ததாலும் திரையுலகம் பின்னாளில் அவரை ‘ஆச்சி’ என்றே அழைத்தது. ஆனால் அந்த ஊர் அவருக்குக் கொடுத்ததில் இந்தப் பெயரைவிட முக்கியமானது நாடகம்.

புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரை வட்டாரம் அன்று நாடகம் செழித்த நிலம். கோயில் திருவிழா என்றால் இரவு முழுவதும் நாடகம் இருந்தாக வேண்டும். செலவு செய்ய நகரத்தார் வீடுகள் இருந்தன. பார்க்கப் பத்துக் கல் நடந்துவரும் கூட்டமும் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த ‘ஸ்பெஷல் நாடகம்’ அங்கே இன்றும் நடக்கிறது. அதில் ராஜபார்ட்டையும் (நாயகன்) ஸ்திரீபார்ட்டையும் (நாயகி) பபூனையும் (கோமாளி) தனித்தனியே ‘புக்’ செய்வார்கள். ஒத்திகை என்று ஒன்று கிடையாது. ஒருவரையொருவர் முன்பின் பார்க்காதவர்கள்கூட அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கம் எந்தப் பக்கம் திரும்பும் என்று இருவருக்குமே தெரியாது. எதிராளி வீசும் சொல்லைப் பிடித்து, அதிலேயே ஒரு முடிச்சுப் போட்டு, ஆர்மோனியக்காரரின் சுருதி கலையாமல் திருப்பி எறிய வேண்டும். மனோரமா ஒரு ஸ்பெஷல் நாடக நடிகை என்று நான் சொல்லவில்லை. அவர் நடித்தவை பெரும்பாலும் சமூக, சரித்திர நாடகங்கள். ஆனாலும் அந்த வட்டாரத்தில் நாடகம் என்றால் எதிராளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது என்றே பொருள். அந்தக் காற்றைச் சுவாசித்துத்தான் அவர் 12 வயதில் மேடை ஏறினார். மேடையில்தான் அவருக்கு மனோரமா என்ற பெயரும் வைக்கப்பட்டது.

அந்த நாளைய மேடையை இன்று நினைத்துப் பார்ப்பதே சிரமம். நடுமேடைக்கு மேலே ஒரே ஒரு மைக் தொங்கும். பேச வேண்டியவர் அதனடியில் வந்து நிற்க வேண்டும். பேசி முடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு விலக வேண்டும். அந்த மைக்கும் நடுவே அடங்கிப்போனால் கடைசி வரிசையில் கோரைப்பாயில் சாய்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி குரலைத் தூக்க வேண்டும், அதே சமயம் அது கத்தலாகவும் ஆகிவிடக் கூடாது. பக்கத்திரைக்குப் பின்னால் ஒருவர் வசனப் பிரதியை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாலும், அவர் குரல் காதில் விழுந்ததாகவே முகத்தில் தெரியக் கூடாது. சிரிப்பு வந்தால் அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். முழுக்க அடங்கிய பிறகு பேசினால் காட்சி செத்துவிடும், அடங்குவதற்கு முன்பே பேசினால் அடுத்த வசனம் யாருக்கும் கேட்காது. சிரிப்பு இறங்கத் தொடங்கிய அந்த நொடியில் நுழைய வேண்டும். மனோரமாவின் திரைப்படக் காட்சிகளில் இந்த நொடிக் கணக்கை இன்றும் பார்க்கலாம். படப்பிடிப்புத் தளத்தில் பார்வையாளர்கள் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு நகைச்சுவை வரிக்குப் பின்பும், அரங்கத்தில் சிரிப்பு எழுந்து இறங்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அவர் கண்ணாலோ முந்தானையாலோ ஏதாவது செய்து நிரப்புகிறார்.

வைரம் நாடக சபாவில் சில காலம் நடித்த அவரை, எஸ்.எஸ்.ராஜேந்திரன் தம் நாடக மன்றத்துக்கு அழைத்துக்கொண்டார். ‘மணிமகுடம்’ போன்ற நாடகங்கள் அவரை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. இந்தக் காலத்தைப் பற்றி ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த நாடகங்களில் சில அச்சில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் நடித்த பெண்கள் எப்படிப் பேசினார்கள், எங்கே நிறுத்தினார்கள், எந்த இடத்தில் கூட்டம் கைதட்டியது என்பதற்கு எந்தப் பதிவும் நம்மிடம் இல்லை. எழுதியவரின் பெயர் நூலட்டையில் நிலைத்துவிட்டது. நடித்தவரின் உழைப்பு அன்றிரவோடு போய்விட்டது. திராவிட இயக்க நாடகங்களைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள்கூட வசனத்தைப் பற்றியே பேசுகின்றன, அந்த வசனத்தை நாவில் ஏற்றிக்கொண்டு சிற்றூர்ச் சந்தைத் திடல்களில் நின்றவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

திரைப்படத்துக்கு அவரைக் கொண்டு வந்தவர் கண்ணதாசன். 1958இல் அவர் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் மனோரமாவுக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இது இறக்கமாகத்தான் தோன்றியிருக்கும். கதாநாயகியாக நடித்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் தூக்கி எறிந்துவிடுவார்கள், நகைச்சுவை என்றால் நெடுநாள் நிலைக்கலாம் என்று கண்ணதாசன் அவரைத் தேற்றியதாகப் பின்னாளில் மனோரமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கவிஞரின் கணக்கு பொய்க்கவில்லை. ஆனால் இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியைவிட உறுத்தல்தான் அதிகம். ஒரு பெண் நடிகை நீண்ட காலம் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால், பார்த்துச் சிரிக்கப்படுகிறவளாக இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த அறிவுரையின் அடியில் கிடக்கும் செய்தி. அந்த நிபந்தனையை விதித்தது கண்ணதாசன் அல்லர். அவர் தொழிலை நன்கு அறிந்தவராக உள்ளதைச் சொன்னார்.

1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’யில் ஆர்.எஸ்.மனோகருக்கு ஜோடியாக, படத்தின் நாயகியாகவே மனோரமா நடித்தார். அதற்குப் பிறகு படத்தின் பெயரே அவருடைய பாத்திரத்தைக் குறிக்கும்படி ஒரு முக்கிய வேடம் அவருக்கு அமைந்தது 1988இல், ஏவி.எம்.மின் ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’யில். குமரிக்கும் பாட்டிக்கும் நடுவே 25 ஆண்டுகள். அவரோடு இணையாக வளர்ந்த நாகேஷுக்கு அதே அறுபதுகளில் ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர்நீச்சல்’ என்று முழுப் படத்தையும் தோளில் சுமக்கும் வாய்ப்புகள் வந்தன; தகுதியான கலைஞர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே தகுதியுள்ள மனோரமாவை மையமாக வைத்து ஒரு கதை எழுத வேண்டும் என்று அந்தப் பத்தாண்டில் எந்தப் பெரிய இயக்குநருக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாகேஷும் மனோரமாவும் சேர்ந்து நடித்த காட்சிகளில் வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பார்ப்பது சுவையானது. நாகேஷ் உடம்பால் நடிப்பவர்; ஓர் இடத்தில் நிற்க மாட்டார்; கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். அப்படிப்பட்டவருக்கு எதிரில் இன்னொருவரும் ஆடிக்கொண்டிருந்தால் காட்சி சிதறிவிடும். ஆகவே மனோரமா பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கிறார். குரலும் கண்ணும்தான் வேலை செய்கின்றன. நாகேஷ் ஒரு வசனத்தை மூன்று துண்டாக உடைத்துப் போட்டால், இவர் மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்லி முடித்துவிடுவார். 1967இல் வந்த பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் தூத்துக்குடிக்காரனாக வரும் நாகேஷுக்கும் இவருக்கும் நடக்கும் பேச்சு இதற்கு நல்ல சான்று. தென்பாண்டிப் பேச்சின் இழுவையை இருவருமே ஒரே அளவில் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அவர் இழுக்கும்போது இவர் வெட்டுகிறார், இவர் இழுக்கும்போது அவர் வெட்டுகிறார். அன்றைய தளங்களில் படச்சுருள் விலை உயர்ந்த பொருள். வசனம் தடுக்கித் திரும்பத் திரும்ப எடுப்பது தயாரிப்பாளரின் வயிற்றில் அடிப்பதற்குச் சமம். மேடையிலிருந்து வந்தவர்களுக்குத் தொடர்ந்து வாய்ப்பு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட வசனத்தை ஒரே ஓட்டத்தில் பேசி முடிக்கும் இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் அரை நாள் வேலை அரை மணியில் முடிந்துவிடும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1968இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய அந்தப் படத்தில் சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஒவ்வொருவரும் ஒரு மலை. அவ்வளவு பேருக்கு நடுவே வந்து சேரும், மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணி இன்றுவரை நினைவில் நிற்கிறாள். ரமாமணி ஒரு நாடகக் கம்பெனி நடிகை. மேடையில் ஆண் நடிகரோடு எசப்பாட்டுப் பாடி ஆடுகிறவள். பகட்டான ஜிமிக்கியும் பூவும் வைத்துக்கொண்டு, வெள்ளந்தியாகப் பேசுகிறவள். மேடை நடிகை ஒருவர் மேடை நடிகையாக நடிக்கும்போது இரண்டு அபாயங்கள் உண்டு: தன் பழைய வாழ்வைக் கேலி செய்துவிடலாம், அல்லது அதன்மீது பச்சாதாபம் தேடலாம். மனோரமா இரண்டையும் செய்யவில்லை. ரமாமணி தன் தொழிலைப் பற்றிக் கூச்சப்படுவதே இல்லை. சிவாஜி நடித்த சிக்கல் சண்முகசுந்தரத்தைப் போன்ற பெரிய நாதஸ்வர வித்துவான் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்ற அச்சம் அவளுக்குக் கிடையாது. தானும் ஒரு கலைக்காரி என்ற சமத்துவத்தோடுதான் பேசுகிறாள்.

நாதஸ்வரத்தைப் பற்றி அவள் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். அவருடைய நாயனத்தில் மட்டும்தான் அப்படிச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்கிறாள். எழுத்தில் படித்தால் இது அறியாமையைக் காட்டும் சாதாரண வசனம். மனோரமா அதை நகைச்சுவையாகச் சொல்லவே இல்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில், ‘மட்டும்தான்’ என்ற இடத்தில் லேசாக அழுத்தி, பதிலுக்குக் காத்திருக்கும் முகத்தோடு நிறுத்துகிறார். கேள்வியில் பாராட்டும் இருக்கிறது: இவ்வளவு நாள் எத்தனையோ நாயனம் கேட்டிருக்கிறேன், அவற்றிலெல்லாம் இது வரவில்லையே என்பதுதான் அவள் சொல்ல வருவது. படம் முழுக்க விறைப்பாக இருக்கும் அந்த வித்துவான் இந்த இடத்தில் உடைந்து சிரிக்கிறார். சிவாஜியின் முகத்தில் வரும் அந்தச் சிரிப்பைக் கவனித்துப் பாருங்கள்; அது கேலிச் சிரிப்பாக இல்லை, தன்னை யாரோ ஒருவர் பயமின்றிப் புரிந்துகொண்டதில் வரும் நிம்மதி அதில் தெரிகிறது. எதிரில் நடிப்பவரிடமிருந்து இப்படி ஒன்றை வெளியே வரவழைப்பதுதான் மனோரமாவின் கலை என்று நான் நினைக்கிறேன். அவர் ஒளிப்பதிவுக் கருவியை நோக்கி நடித்ததில்லை. எதிரிலுள்ளவரை நோக்கி நடித்தார், கருவி அதைப் படம் பிடித்துக்கொண்டது.

ஒரு முறை இந்தப் படத்தின் காட்சிகளைத் திரையை மூடிவைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டுப் பார்த்தேன். சிவாஜியின் குரல் முன்னே நிற்கிறது, எதிர்பார்த்ததுதான். ஆனால் வியப்பு, மனோரமா பேசாமலிருக்கும் நேரத்திலும் அவர் அங்கே இருப்பது தெரிகிறது. எதிராளியின் வசனத்துக்கு நடுவே ‘ம்’ என்றும் ‘ஆங்’ என்றும் உள்ளிழுத்த மூச்சாகவும் அவர் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறார். கதை கேட்கும் பாட்டிகளிடம் நாம் கேட்டுப் பழகிய அந்த ‘உம்’ கொட்டல்தான் அது. வசனப் பிரதியில் எவரும் எழுதித் தருவது இல்லை.

காதைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய பிறகு வட்டாரப் பேச்சை விட்டுவிட முடியாது. தூத்துக்குடிப் பேச்சைச் சொன்னேன். அதற்கு அடுத்த ஆண்டே, 1968இல், ‘பொம்மலாட்டம்’ படத்தில், வி.குமார் இசையில், சென்னைப் பேச்சில் அமைந்த ‘வா வாத்யாரே ஊட்டாண்ட’ பாட்டைத் தாமே பாடி நடித்தார். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர், சென்னைக்கு வந்து சில ஆண்டுகளிலேயே அந்த நகரத்தின் உழைக்கும் மக்களுடைய பேச்சை அதன் வேகத்தோடும் மூக்கொலியோடும் பிடித்துவிட்டார். 1994இல் ‘மே மாதம்’ படத்துக்காக ஏ.ஆர்.ரகுமான் மெட்ராஸைச் சுற்றிக் காட்டும் ஒரு பாட்டை அமைத்தபோதும் மனோரமாவின் குரல் அதில் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், குரலில் வயது ஏறியிருக்கிறது. பேச்சின் எடுப்பு அப்படியே இருக்கிறது. வட்டாரப் பேச்சை நடிகர்கள் பெரும்பாலும் நாலைந்து சொற்களைக் கொண்டு ஒப்பேற்றிவிடுவார்கள். மனோரமா சொற்களைவிட வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்தார். ‘சின்ன கவுண்டர்’ படத்தில் கொங்குப் பகுதித் தாயாக வரும்போது வாக்கியத்தின் முடிவைத் தணித்து இறக்கும் விதமும், சென்னை வேலைக்காரியாக வரும்போது அதே முடிவைத் தூக்கி நிறுத்தும் விதமும் வேறு வேறு.

வேலைக்காரி என்றதும் ‘சம்சாரம் அது மின்சாரம்’ நினைவுக்கு வராமல் இருக்காது. 1986இல் வந்த அந்தப் படத்தை இயக்கிய விசுவும் மேடையிலிருந்து வந்தவர். படத்தின் பெரும்பகுதி ஒரு வீட்டின் கூடத்திலேயே, கிட்டத்தட்ட நாடக மேடையின் அமைப்பிலேயே நடக்கிறது. வீட்டுத் தலைவரையே வாய் திறக்கவிடாமல் அடக்கிவிட்டு, வேலைக்காரி கண்ணம்மா சம்பந்தியிடம் சண்டை இழுக்கும் காட்சியில் மனோரமா தாம் பழகிய களத்துக்கே திரும்பி வந்துவிட்டார் என்று தோன்றும். கூடத்தின் நடுவே நின்றுகொண்டு, ஒருவரை அதட்டிய கையோடு மறுபக்கம் திரும்பி இன்னொருவரைத் தாக்குகிறார். அதற்குள் முந்தானை இடுப்பில் செருகப்பட்டுவிடுகிறது. சிறு வயதில் வீட்டு வேலை செய்து பிழைத்த ஒருவர் இந்த வேடத்தில் எதை நினைத்துக்கொண்டிருப்பார் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. கண்ணம்மா யாருடைய இரக்கத்துக்கும் இடம் கொடாத பெண்ணாக இருக்கிறாள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

அம்மா வேடங்கள் அவருக்கு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மலை போல் வந்து குவிந்தன. அவற்றில் பலவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மகனுக்காக அழும் தாய், மகன் அடிபட்டால் மார்பில் அடித்துக்கொள்ளும் தாய் என்று ஒரே அச்சில் வார்த்த வேடங்களில் அவரும் ஒரே அச்சில் நடித்திருக்கிறார். சில இடங்களில் மேடைக் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துபோகிறது என்பதை அவருடைய ரசிகனாகிய நானே ஒப்புக்கொள்வேன். 1500 படங்களில் எல்லாமே முத்தாக இருக்க முடியாது. ஆனால் பார்த்திபனின் முதல் படமான ‘புதிய பாதை’ (1989) அப்படிப்பட்டதன்று. அந்தப் படத்துக்காகத்தான் அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. முப்பது ஆண்டுகள் நடித்த பிறகு வந்த விருது. பத்மஸ்ரீ இன்னும் தாமதித்து 2002இல் வந்தது.

அம்மா வேடங்களுக்கு நடுவே ‘நடிகன்’ (1990) ஒரு தனி விருந்து. கிழவர் வேடம் போட்டு வரும் சத்யராஜைப் பார்த்து, அதுவரை மணமாகாமலே இருந்துவிட்ட பேபியம்மாவுக்கு (மனோரமா) காதல் வந்துவிடுகிறது. ஐம்பதைக் கடந்த பெண்ணுக்குக் காதல் வருவதைத் தமிழ்த் திரை பெரும்பாலும் அருவருப்பான கேலியாகத்தான் கையாளும். இந்தப் படத்தின் வசனங்களிலும் அந்தக் கேலி இல்லாமல் இல்லை. ஆனால் மனோரமா அந்தக் காதலை முழு மனத்தோடு நடித்தார். கண்ணாடி முன் நிற்பதும் வெட்கப்படுவதும் புடவையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு பதினெட்டு வயது நாயகிக்கு எவ்வளவு மெய்யோ அவ்வளவு மெய்யாக இருக்கின்றன. சிரிப்பு வருகிறது; கூடவே அவள் ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலையும் வருகிறது. அறுபதுகளில் அவருக்குக் கொடுக்கப்படாமல் போன நாயகி வேடங்களையெல்லாம் அந்த ஒரு பாத்திரத்தில் அவர் நடித்துத் தீர்த்துக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தொலைக்காட்சிக்கு அவர் வந்தபோது தொடர்களின் காலம் தொடங்கிவிட்டிருந்தது. தொடர் படப்பிடிப்பு முறை சினிமாவைவிடப் பழைய நாடகத்துக்குத்தான் நெருக்கமானது. ஒரு நாளில் பல காட்சிகளை எடுத்து முடித்தாக வேண்டும். வசனம் பெரும்பாலும் அன்று காலைதான் கைக்கு வரும். உதவி இயக்குநர் ஒருவர் கருவிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார். சினிமாவிலிருந்து நேரே வந்த பல நடிகர்கள் இந்த ‘பிராம்ப்ட்’ குரலைக் காதில் வாங்கிக்கொண்டே நடிப்பதில் தடுமாறினார்கள். கண் ஒரு பக்கம் போகும், வசனம் ஒரு பக்கம் போகும். பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரலுக்குப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. மனோரமாவைப் போலவே நாடகத்திலிருந்து வந்த எஸ்.என்.லட்சுமி, தம் கடைசிக் காலம்வரை தொடர்களில் தளராமல் நடித்ததற்கும் இந்தப் பழக்கமே துணை நின்றிருக்கும். ஆனால் தொலைக்காட்சித் தொடர் மனோரமாவுக்கு ஈடான எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. எதிர்நடிகரின் முகத்தைத் தனியே எடுத்து, இவர் முகத்தைத் தனியே எடுத்து, பிறகு இரண்டையும் ஒட்டும் முறையில், ஒருவர் பேச இன்னொருவர் ‘உம்’ கொட்டும் அந்தக் கூட்டு வேலைக்கு இடமே இல்லை.

தொலைக்காட்சி அவருக்குச் செய்த பெரிய உதவி வேறு ஒன்று. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவை அலைவரிசைகள் வந்த பிறகு, அவருடைய பழைய படங்களின் காட்சிகள் நாள்தோறும் வீடுகளுக்குள் வந்தன. ‘கொஞ்சும் குமரி’ வெளியானபோது பிறந்தே இராதவர்களுக்கும் அவர் குரல் பழகிப்போனது. ஆனால் அந்தத் துணுக்குகள் வசனத்தின் உச்சத்தில் தொடங்கி, சிரிப்பு வந்ததும் வெட்டப்பட்டுவிடும். அவர் அந்தச் சிரிப்பை எப்படிக் கட்டினார், அதற்கு முன் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றார் என்பதெல்லாம் வெட்டில் போய்விடுகிறது. துணுக்குகளில் மட்டும் அவரைப் பார்த்த தலைமுறை, அவரைச் சத்தமாகப் பேசும் நடிகை என்று நினைப்பதில் வியப்பில்லை.

‘அருந்ததி’ (2009), ‘சிங்கம் 2’ (2013) என்று எழுபது வயதைத் தாண்டியும், உடல்நிலை ஒத்துழைக்காத காலத்திலும் அவர் நடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைசிப் படங்களில் அவருக்கு நேரம் குறைவு; இருக்கும் நேரத்தில் எதிரிலுள்ளவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கம் மட்டும் மாறவில்லை. அவரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் துணுக்குகளை விட்டுவிட்டு, ‘அனுபவி ராஜா அனுபவி’யையும் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தையும் ‘நடிகன்’ படத்தையும் முழுமையாக, இந்த வரிசையிலேயே பார்க்கலாம். மூன்றிலும் அவர் பேசும் இடங்களை எப்படியும் கவனித்துவிடுவீர்கள்; நாகேஷோ சிவாஜியோ சத்யராஜோ பேசும்போது அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை இரண்டாம் முறை பார்க்கும்போது கவனியுங்கள்.